கொக்கி மாட்டுவதற்கு முன்

கடலூரில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பின் முன்மேசையில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். ஜாப் கார்டு எழுதுவது, இன்சூரன்ஸ் சர்வேயருக்கு போட்டோ அனுப்புவது, எஸ்டிமேட்டை விளக்குவது, வண்டிக்காரர் வீட்டாருக்குப் பதில் சொல்வது எல்லாம் என் பொறுப்பு. சர்வீஸ் வண்டிகள் தாமாக ஓடி வரும். அடிபட்ட வண்டிகள் ரெக்கவரி வண்டியின் மேலேறி வரும். இறக்கி முடித்ததும் வண்டிக்காரர் பர்ஸையோ போனையோ எடுப்பார். எவ்வளவு என்பது என் காதில் விழாமல் போகாது.

அந்தத் தொகைகளில் ஒரு ஒழுங்கும் இல்லை. ரெட்டிச்சாவடி பக்கத்திலிருந்து வந்த ஒரு காருக்கு 2,500 ரூபாய். கொஞ்ச நாள் கழித்து ஏறக்குறைய அதே இடத்திலிருந்து வந்த அதே அளவுக் காருக்கு 8,000. முன்னவர் உள்ளூர்க்காரர், பட்டப்பகலில் தெரிந்த மெக்கானிக்கை வைத்துப் பேசியவர். பின்னவர் வெளியூர். ராத்திரி நேரம், காருக்குள் வயதான அம்மா, தூங்கிக்கொண்டிருந்த குழந்தை. கூடுதலாக வாங்கிய அந்த 5,500 ரூபாய்க்கு யாரும் எந்த வேலையும் செய்யவில்லை. "வேண்டாம், வேற வண்டி பாத்துக்கறேன்" என்று அவரால் சொல்ல முடியாது என்பது எதிரில் நின்றவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

நடுரோட்டில் நிற்பவரால் பேரம் பேச முடியாது. அவருக்காக வேறு யாராவது முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் அந்தப் பேச்சை அரசு பேசி வைத்திருக்கிறது. ரெக்கவரி வண்டிக்கு மட்டும் யாரும் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று தேடிப் பார்த்தபோது கிடைத்ததையும், என் மேசையிலிருந்து பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் இன்சூரன்ஸ். "டோயிங் காசு கம்பெனி குடுத்துடும்ல மேடம்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். சொந்த உபயோகக் காருக்கான வழக்கமான பாலிசியில் ஒரு வரி இருக்கும். விபத்தான வண்டியைப் பாதுகாக்க, அருகிலுள்ள ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக, திரும்ப ஒப்படைக்க ஆகும் நியாயமான செலவை, ஒரு விபத்துக்கு எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய்க்கு மிகாமல் கொடுப்போம் என்று அந்த வரி சொல்கிறது. இரு சக்கர வண்டிக்கு 300 ரூபாய். 2002-ல் வந்த இந்திய மோட்டார் டாரிஃப் புத்தகத்தின் வாசகம் அது. அன்றைக்கு டீசல் என்ன விலை, இன்றைக்கு என்ன விலை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மேற்கொண்டு ஆகும் தொகையை வண்டிக்காரர்தான் கையிலிருந்து போடுகிறார். ரோட்சைடு அசிஸ்டன்ஸ் என்ற ஆட்-ஆன் எடுத்தவர்களுக்குக் கம்பெனியே வண்டி அனுப்பும். ஆனால் பதற்றத்தில் பாலிசியைத் தேடி, நம்பரைக் கண்டுபிடித்து, இந்தியில் ஆரம்பிக்கும் பதிவுக் குரலைத் தாண்டி ஆளைப் பிடிப்பதற்குள், பக்கத்தில் வேறொரு ரெக்கவரி வண்டி வந்து நின்றிருக்கும்.

அதை யார் அழைத்தார்கள்? இந்தத் தொழிலில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

விபத்து நடந்த சேதியை முதலில் சொல்பவருக்குக் காசு உண்டு. சாலையோரக் கடைக்காரராக இருக்கலாம், ஸ்டாண்டில் நிற்பவராக இருக்கலாம், சில நேரம் சீருடையில் இருப்பவராகவும் இருக்கலாம். வண்டியை இழுத்துவந்து தங்கள் பட்டறையில் இறக்கினால் ரெக்கவரிக்காரருக்குத் தனியாகக் காசு கொடுக்கும் ஒர்க்‌ஷாப்புகள் உண்டு. எங்கள் துறைக்குள் இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தக் காசை ஒர்க்‌ஷாப் தன் லாபத்திலிருந்து கொடுப்பதாக யாரும் நம்ப வேண்டாம். எஸ்டிமேட்டில் ஏறும். பம்பரும் ஹெட்லைட்டும் மாற்றினால் போதும் என்ற இடத்தில் ரேடியேட்டர் சப்போர்ட், கண்டென்ஸர் என்று சேர்ந்துகொண்டே போகும். ஆக, இழுவைக் கூலியில் போனது ஒரு பங்கு. வண்டி எங்கே போய் இறங்க வேண்டும் என்பதைச் சொந்தக்காரருக்குப் பதில் வேறொருவர் முடிவு செய்ததால் போனது அதைவிடப் பெரிய பங்கு.

நெய்வேலிக் குடும்பம் ஒன்று. புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் செக்கப் முடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கிருமாம்பாக்கம் தாண்டும்போது முன்னால் போன லோடு வண்டி சட்டென்று நிற்க, இவர்கள் கார் போய் இடித்துவிட்டது. யாருக்கும் பெரிய காயமில்லை. ரேடியேட்டர் உடைந்து பச்சைத் தண்ணீர் ரோட்டில் ஓடியது. கொஞ்ச நேரத்தில் ஒரு ரெக்கவரி வண்டி வந்தது. அந்த அம்மா "எவ்ளோங்க ஆவும்?" என்று கேட்டிருக்கிறார். "அதெல்லாம் பாத்துக்கலாம்மா, மொதல்ல வண்டிய ரோட்ட விட்டு எடுக்கணும், பாருங்க எவ்ளோ வண்டி நிக்குதுன்னு" என்று பதில். பேசிக்கொண்டிருக்கும்போதே கொக்கி மாட்டியாகிவிட்டது. கார் அவர்கள் கேள்விப்படாத ஒரு பட்டறைக்குப் போனது. மறுநாள், கடலூருக்கு எடுத்துப் போகிறோம் என்று கேட்டபோது இழுவைக் கூலியோடு இறக்குக் கூலி, வண்டி நின்ற இடத்துக்கு யார்டு வாடகை, எஸ்டிமேட் போட்டதற்குத் தனியாக ஒரு தொகை என்று 14,000 ரூபாய் சொன்னார்கள். கட்டினால்தான் வண்டி. பில் கேட்டதற்கு ஒரு துண்டுத்தாளில் மொத்தத்தை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளைத்தான் என் மேசையில் கொண்டுவந்து வைத்தார் அந்த அம்மா. தேதி இல்லை, வண்டி நம்பர் இல்லை, பேர் இல்லை, கையெழுத்து இல்லை. "இத வச்சு எதுனா கிளெய்ம் பண்ண முடியுமா மேடம்?" என்றார். முடியாது.

அவர்களுக்குக் கூடுதலாக ஒரு அலைச்சலும் இருந்தது. கடலூர்–புதுச்சேரி சாலையில் போகிற நமக்கு எல்லை என்பது சாராயக் கடைப் பலகைகளில்தான் தெரியும். முள்ளோடை வரை ஒரு அரசு, அதைத் தாண்டினால் இன்னொரு அரசு. பாகூர் பக்கம் உள்ளே போனால் புதுச்சேரி ஊர்களும் கடலூர் மாவட்ட ஊர்களும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும். விபத்து புதுச்சேரி எல்லைக்குள், வண்டி கடலூர் பதிவான டி.என்.31, ஒர்க்‌ஷாப் கடலூரில். காவல் நிலையம் வரை போகும் கேஸ் என்றால் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துச் சான்று கொடுக்கும்வரை வண்டியை வெளியே எடுக்க முடியாது. புகார் சொல்வதென்றால் எந்த அரசிடம் சொல்வது என்பதே புரியாது. அங்கே போனால் இங்கே போ என்பார்கள். இந்தக் குழப்பத்தில் குளிர்காய்கிறவர்கள் இரண்டு பக்கமும் உண்டு.

சட்டத்துக்கு வருகிறேன். 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-வது பிரிவு, வாடகைக்கு ஓடும் வண்டிக்கு பெர்மிட் வேண்டும் என்கிறது. பெர்மிட் கொடுப்பதால்தான் 67-வது பிரிவின்படி அரசு கட்டணத்தை நிர்ணயிக்க முடிகிறது. ஆனால் அதே 66-வது பிரிவில் சில விலக்குகள் இருக்கின்றன. போலீஸ் வண்டி, தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், பிணம் கொண்டுபோகும் வண்டி. அந்த வரிசையிலேயே, பழுதான வண்டியை இழுத்துச் செல்லவும் அதிலுள்ள சரக்கைப் பத்திரமான இடத்துக்கு மாற்றவும் பயன்படும் வண்டிக்கும் விலக்கு. நடுவழியில் நிற்பவருக்கு உதவி வருவதற்கு பெர்மிட் ஒரு தடையாக இருக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் வைத்ததாகத்தான் எனக்குப் படுகிறது. ஆனால் பெர்மிட் இல்லாத இடத்தில் கட்டணமும் இல்லாமல் போயிற்று. ஆம்புலன்ஸுக்கும் அமரர் ஊர்திக்கும் அரசே இலவச வண்டி விட்டு அந்த ஓட்டையை ஓரளவு அடைத்தது. இழுவை வண்டிக்கு எதுவும் நடக்கவில்லை.

சட்டத்தில் இன்னும் இரண்டு இடங்களைச் சொல்லியாக வேண்டும். "ட்ராஃபிக் ஆவுது, உடனே எடுக்கலன்னா போலீஸ் ஃபைன் போடும்" என்று மிரட்டித்தான் பாதிக் கொக்கிகள் மாட்டப்படுகின்றன. போக்குவரத்துக்கு இடைஞ்சலாக வண்டியை நிறுத்தினால் 500 ரூபாய் வரை அபராதம் என்று 201-வது பிரிவு சொல்வது உண்மை. ஆனால் 2019 திருத்தத்தில் அதிலேயே ஒரு உட்பிரிவு சேர்த்தார்கள். எதிர்பாராமல் பழுதாகி, அப்புறப்படுத்தும் ஏற்பாடு நடந்துகொண்டிருக்கும் வண்டிக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. நீங்கள் உங்கள் ஆளுக்கு போன் செய்துவிட்டு நிற்கிறீர்கள் என்றால் அந்த மிரட்டலுக்கு வேலையில்லை. போலீஸ் அதிகாரியே நேரில் நின்று ஆபத்தாக நிற்கும் வண்டியை உடனே எடுக்கச் சொல்வது வேறு. அதற்கு 127-வது பிரிவில் அதிகாரம் இருக்கிறது. செலவும் உங்களுடையதுதான். அப்படி எடுத்தாலும் எவ்வளவு செலவு என்று அந்தப் பிரிவில் இல்லை.

இரண்டாவது இடம் 138-வது பிரிவு. போக்குவரத்தை ஒழுங்குபடுத்த மாநில அரசு விதிகள் வகுக்கலாம் என்று சொல்லிவிட்டு, எவை எவற்றுக்கு என்று அது பட்டியல் போடுகிறது. பொது இடத்தில் பழுதாகி நின்றுவிட்ட வண்டிகளையும் அவற்றிலுள்ள சரக்கையும் அப்புறப்படுத்துவதும் பாதுகாப்பாக வைத்திருப்பதும் அந்தப் பட்டியலிலேயே வருகிறது. ஆக, அதிகாரம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. நாடாளுமன்றம் போய்ப் புதுச் சட்டம் கொண்டுவர வேண்டிய அவசியமில்லை.

ரெக்கவரி வண்டிக்காரர்கள் எல்லோரும் கொள்ளைக்காரர்கள் என்று யாராவது இதைப் படித்துவிட்டுச் சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும். எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் ஒரு அண்ணனைப் பற்றி எழுத வேண்டும். லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, பிறகு கடன் வாங்கி, காரை முழுதாக மேலே ஏற்றிச் செல்லும் ஃபிளாட்பெட் வண்டி ஒன்று போட்டவர். அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

வண்டியை விட்டு இறங்கியதும் கொக்கியைத் தொடமாட்டார். கோன்களைப் பின்னால் தள்ளி வைப்பார். உள்ளே யாராவது இருந்தால் இறக்கி, ரோட்டுக்கு வெளியே நிற்கவைப்பார். அப்புறம் கேள்விகள். சாவி இருக்கா? ஹேண்ட் பிரேக் இறங்குதா? மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா? எங்க கொண்டுபோகணும்? கடைசிக் கேள்விக்குப் பதில் வந்த பிறகு தொகையைச் சொல்வார், பில் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குவார். காரின் நாலு பக்கமும் போட்டோ எடுத்து அங்கேயே வண்டிக்காரர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுவார்.

ஆட்டோமேட்டிக்கா என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கார்களில் கியர்பாக்ஸுக்கு ஆயில் போவது இன்ஜின் ஓடினால்தான். இன்ஜின் அணைந்த நிலையில், இழுக்கும் சக்கரம் தரையில் உருள அதைக் கொண்டுபோனால் உள்ளே உலர்ந்து தேய்ந்துபோகும். எலக்ட்ரிக் கார் என்றால் சக்கரம் சுற்றும்போதே மோட்டார் கரண்ட் உற்பத்தி செய்ய ஆரம்பிக்கும். இவற்றை ஃபிளாட்பெட்டில் ஏற்றித்தான் போக வேண்டும். அவசரத்தில் முன்பக்கம் பின்பக்கம் பார்க்காமல் தூக்கிக் கட்டி இழுத்துவந்து, விபத்தில் சேதமாகாத கியர்பாக்ஸை வழியில் சேதமாக்கிய கேஸ்கள் எங்களிடம் வந்திருக்கின்றன. அதற்கு இன்சூரன்ஸ் கம்பெனி "இது விபத்தால வந்ததில்லையே" என்று கைவிரிக்கும், இழுத்து வந்தவர் போனை எடுக்கமாட்டார்.

அண்ணன் பம்பரில் இருக்கும் சின்னச் சதுர மூடியை, துணி சுற்றிய ஸ்க்ரூடிரைவரால் பெயின்ட் உரியாமல் நெம்பி எடுப்பார். டிக்கியில் ஜாக்கியோடு கிடக்கும் கொக்கியைக் கொண்டுவந்து அந்த ஓட்டையில் முறுக்குவார். சில கார்களில் அதன் மரை தலைகீழ், இடப்பக்கம் திருகினால்தான் இறுகும். தெரியாதவர்கள் வலப்பக்கமே திருகி மரையைக் கெடுத்துவிடுவார்கள். பிறகு தளத்தைப் பின்னால் தள்ளிச் சாய்த்து, வின்ச் கயிற்றை மாட்டி, நிதானமாக ஏற்றுவார். கயிறு இழுபடும்போது அதன் நேர்க்கோட்டில் ஒருவரையும் நிற்க விடமாட்டார். அறுந்தால் ஆளை முடித்துவிடும். மேலே ஏறியதும் டயர்களின் மேல் பெல்ட் போட்டு ரேட்செட்டால் இறுக்குவார். அடியில் சஸ்பென்ஷன் ஆர்மில் சங்கிலி போட்டால் வேலை சீக்கிரம் முடியும். "கீழ கட்டுறது ஈஸிம்மா. ஆனா அந்த ஆளுக்கு அலைன்மென்ட் போயிடும். யாரு கட்டி போச்சுன்னு அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல?" என்றார் ஒருமுறை. புறப்பட்டுக் கொஞ்ச தூரம் போனதும் ஓரம் கட்டி, இறங்கி, பெல்ட்டை மறுபடியும் தட்டிப் பார்ப்பார். இதெல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் கூலி.

அவருடைய கஷ்டமும் எனக்குத் தெரியும். மாதத் தவணை, ஹெல்பர் சம்பளம், டீசல், வண்டி இன்சூரன்ஸ். வேலையே வராத நாட்கள். ஐம்பது கிலோமீட்டர் போய்ச் சேர்ந்தால் "சின்ன ப்ராப்ளம்தான், ஸ்டார்ட் ஆயிடுச்சு" என்று கிளம்பிப் போயிருக்கும் பார்ட்டிகள். இறக்கியதும் "நாளைக்கு அனுப்புறேன் அண்ணே" என்று சொல்லிவிட்டு நம்பரை பிளாக் செய்பவர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, நான்குவழிச் சாலையில் வரும் வண்டிகளுக்கு முதுகைக் காட்டி நின்று ராத்திரியில் கொக்கி மாட்டுவது. ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதம் என்று 194இ பிரிவு சொல்கிறது. ரோட்டோரம் குனிந்து வேலை செய்யும் ரெக்கவரி ஆளைக் கண்டால் வேகத்தைக் குறை என்று இங்கே யாருக்கும் ஒரு கட்டளையும் இல்லை.

கமிஷன் பற்றி அவரிடம் கேட்டிருக்கிறேன். "குடுக்கலன்னா போன் வராதும்மா. குடுத்தா, அத நான் பார்ட்டி தலையிலதான் வைக்கணும். ரெண்டும் வேணாம்னுதான் தெரிஞ்ச ஒர்க்‌ஷாப், தெரிஞ்ச ஆளுன்னு ஓட்டிட்டு இருக்கேன்" என்றார். ஒழுங்காக நடப்பவருக்குத் தொழில் குறைவதும், கமிஷன் கொடுப்பவருக்கு ஓட்டம் கூடுவதும்தான் இன்றைய நிலைமை. அவர் நல்லவராக இருப்பதற்கான செலவை அவரே ஏற்றுக்கொண்டிருக்கிறார். விதிகள் வந்தால் நிம்மதிப் பெருமூச்சு விடப்போகிற முதல் ஆள் அவர்தான்.

ஃபெஞ்சல் புயலைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. நகர்வதற்கே மனமில்லாமல் நின்று பெய்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் வீட்டு வாசலில் நின்ற கார்கள் சீட் வரை மூழ்கின. இந்தப் பக்கம் சாத்தனூர் அணையிலிருந்து வந்த தண்ணீர் தென்பெண்ணையில் ஏறி, கடலூர் ஓரத்து ஊர்களுக்குள் புகுந்தது. அந்த வாரம் முழுக்க எங்கள் போன் ஓயவில்லை. நாங்கள் சொன்னது ஒன்றே ஒன்று: சாவியைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரை பிஸ்டனால் அழுத்த முடியாது. ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளையும். அதன் பிறகு, தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்தது உங்கள் கவனக்குறைவு என்று கிளெய்ம் நிராகரிக்கப்படலாம். ஆக, இழுத்துக் கொண்டுவருவதைத் தவிர வழியே இல்லாத நூற்றுக்கணக்கான குடும்பங்கள், விரல்விட்டு எண்ணக்கூடிய ரெக்கவரி வண்டிகள்.

நாலைந்து கிலோமீட்டருக்கு ஐந்து இலக்கத்தில் கேட்டார்கள் என்று வந்தவர்கள் சொன்னார்கள். மெத்தையும் அரிசியும் ஃபிரிட்ஜும் போன வீட்டுக்காரர்களிடம் கேட்டது அது. தேவை கூடினால் விலை கூடுவது இயல்புதானே என்று என்னோடு வேலை பார்க்கும் ஒரு தம்பி வாதாடினான். எனக்கு அதில் உடன்பாடில்லை. விலை ஏறினால் வெளியூரிலிருந்து நிறைய வண்டிகள் வரும் என்பது சாதாரண நாளுக்கான கணக்கு. எல்லாப் பக்கமும் ரோடு மூழ்கிக் கிடந்தபோது எந்த வண்டியும் அதிகமாக வரவில்லை, இருந்த வண்டிகளே அதிகம் வாங்கின. தண்ணீருக்குள் இறங்கி, பாம்புக்கும் கரண்டுக்கும் பயந்து வேலை செய்பவருக்குக் கூடுதல் கூலி கொடுக்கத்தான் வேண்டும். இரவுக்கு இவ்வளவு, வெள்ளத்துக்கு இவ்வளவு என்று புயலுக்கு முன்பே அச்சடித்திருந்தால் அந்தக் கூடுதலை யாரும் முகம் சுளிக்காமல் கொடுத்திருப்பார்கள்.

நோ பார்க்கிங்கில் நின்ற வண்டியைத் தூக்கிப் போவது தனிக் கதை, அதில் எனக்கு அனுபவம் குறைவு. 127-வது பிரிவின்படி அதை அனுமதிக்க வேண்டியவர் சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரி, வண்டியோடு வரும் கூலிப் பையன் அல்ல. பெங்களூரில் இந்த வரம்பை மறந்து, 2022 தொடக்கத்தில் மக்கள் கொதித்தெழுந்த பிறகு அரசே இழுவையை நிறுத்திவைக்க வேண்டி வந்தது. புதுச்சேரியில் சனி, ஞாயிறு வெளியூர் வண்டிகள் குவிகின்றன. அந்த நிலைமை இங்கே வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

உலகில் யாருமே செய்யாததை நான் கேட்கவில்லை. நம் தமிழர்கள் நிறைய வாழும் கனடாவின் ஒன்டாரியோவில் இந்தத் தொழில் இங்கிருப்பதைவிட மோசமாகப் போனது. விபத்து வண்டிகளைப் பிடிப்பதில் கும்பல் சண்டை, இழுவை வண்டிகளுக்குத் தீவைப்பு, கொலை வரை போயிற்று. 2020-ல் போலீஸ் கூண்டோடு கைது நடவடிக்கை எடுத்தது. 2021-ல் இழுவைக்கும் யார்டுக்கும் சேர்த்துத் தனிச் சட்டம் இயற்றினார்கள். 2024 ஜனவரி முதல் மாகாணச் சான்றிதழ் இல்லாமல் அங்கே இழுவைத் தொழில் நடத்த முடியாது. கட்டணத்தை வெளியிட வேண்டும், சொந்தக்காரரிடம் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும், எங்கே கொண்டுபோவது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். விபத்து நடந்த இடத்திலிருந்து 200 மீட்டருக்குள் போய் "நான் எடுத்துப் போகட்டுமா" என்று இழுவைக்காரர் கேட்பதே நெடுஞ்சாலையில் குற்றம் என்ற விதி அங்கே முன்பிருந்தே உண்டு. அவர்கள் பிணம் விழுந்த பிறகு செய்தார்கள். இங்கே இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லை.

"ஆட்டோ மீட்டரே ஓடல, இதுக்கு ரேட் போட்டு என்ன ஆவப்போவுது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2013-ல் சென்னையில் முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய் என்று அரசு நிர்ணயித்த ஆட்டோ கட்டணம் என்ன ஆயிற்று என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆட்டோ சவாரி இறங்கியதும் முடிந்துபோகிறது, தாள் எதுவும் மிஞ்சாது. விபத்து வண்டி அப்படி இல்லை. காவல் நிலையம், பிரேக் இன்ஸ்பெக்டர், சர்வேயர், ஒர்க்‌ஷாப் என்று பல மேசைகளைத் தாண்டித்தான் வெளியே வருகிறது. அந்த மேசைகளில் ஒன்றிலாவது "இழுவை பில் எங்கே, சம்மதக் கையெழுத்து எங்கே" என்று கேட்டால் போதும். என் மேசையில் நான் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். பில் கொடுக்க மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. இந்த ஒரு வரியைச் சொன்னதும் பில் புத்தகம் எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

விதிகள் வரும்வரை வண்டி வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. தெரிந்த ரெக்கவரிக்காரர் நம்பர் ஒன்று, பாலிசியின் ரோட்சைடு நம்பர் ஒன்று, இரண்டையும் போனில் இப்போதே ஏற்றிக்கொள்ளுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. சுங்கம் வசூலிக்கும் சாலைகளில் கிரேனும் ரோந்து வண்டியும் வைத்திருப்பது சுங்க நிறுவனத்தின் ஒப்பந்தக் கடமை. கொக்கி மாட்டுவதற்கு முன் தொகையையும் இடத்தையும் சொல்லச் சொல்லி, அதை அங்கேயே வாட்ஸ்அப்பில் அனுப்பக் கேளுங்கள். நாலு பக்கமும் நீங்களும் படம் எடுங்கள். உங்கள் வண்டி அவர் பொறுப்பில் இருக்கும் நேரத்தில் தன் சொந்தப் பொருளைப் போல் பார்த்துக்கொள்ள வேண்டிய கடமை அவருக்கு உண்டு. 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 151-வது பிரிவிலிருந்தே அந்தக் கடமை இருக்கிறது. ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குச் சொல்லலாம்.

இதையெல்லாம் ஒரு மனுவாக எழுதி முடித்துவிட்டேன். கிலோமீட்டர் கணக்கில் பகல், இரவு, வெள்ளக் கட்டணங்களை நிர்ணயித்து ஒவ்வொரு காவல் நிலைய வாசலிலும் எழுதி வைக்க வேண்டும். எழுத்தில் சம்மதம் இல்லாமல் வண்டியைத் தொடக்கூடாது. சேதி சொன்னதற்கும் வண்டியைக் கொண்டுவந்து இறக்கியதற்கும் கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் தண்டனைக்குரியதாக வேண்டும், ஒர்க்‌ஷாப்புகளையும் சேர்த்து. முதல் நாளுக்கு யார்டு வாடகை கூடாது. பதிவு செய்த ரெக்கவரி வண்டிகளுக்கு ஒளிரும் விளக்கும், அதைக் கண்டால் வேகம் குறைக்கும் கட்டளையும் வேண்டும். இன்சூரன்ஸ் 1,500 ரூபாய் உச்சவரம்பை மாற்றச் சொல்லிப் பரிந்துரை வேண்டும். கடலூரிலும் புதுச்சேரியிலும் ஒரே கட்டணம், ஒரே படிவம் என்பதைத் தனியாக அடிக்கோடிட்டிருக்கிறேன். அந்த அண்ணனும் அவருக்குத் தெரிந்த சில ரெக்கவரிக்காரர்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். வரும் திங்கட்கிழமை கடலூர் கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ஒரு பிரதி கொடுக்கிறோம், புதுச்சேரி போக்குவரத்துத் துறைக்கு ஒன்று போகிறது. உங்களிடம் இழுவை ரசீதோ துண்டுத்தாளோ இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள், பேரையும் நம்பரையும் மறைத்துவிட்டு மனுவோடு இணைத்துக்கொள்கிறேன். எவ்வளவு தூரம், எத்தனை மணிக்கு என்ற விவரத்தை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.